யாருடைய நிமிஷம்?

ஜூலை மாதத்தில் பந்தலூர் பக்கம் போயிருக்கிறீர்களா? கூடலூரைத் தாண்டி, நாடுகாணி, தேவாலா என்று மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனால் வரும் ஊர். நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. அந்தப் பக்கம் சேரம்பாடியைக் கடந்தால் கேரளாவின் வயநாடு. தென்மேற்குப் பருவமழை தமிழ்நாட்டுக்குள் முதலில் வந்து இறங்கும் இடங்களில் ஒன்று. மழை என்றால் நம்ம சென்னை மழை இல்லை. நாள்கணக்கில் விடாமல் கொட்டும். மரம் சாயும். கம்பி அறுந்து விழும். கரண்ட் போகும், வரும், மறுபடி போகும்.

கரண்ட் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், ஏதோ ஒரு கவுன்ட்டரில் ஒரு கம்ப்யூட்டர் ஆதியிலிருந்து கண் விழிக்கிறது. முதலில் கம்பெனிச் சின்னம். அப்புறம் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். அப்புறம் பாஸ்வேர்டு. அப்புறம் மறுபடியும் வட்டம். 'ஏங்க, யு.பி.எஸ். இருக்காதா?' என்பீர்கள். இருக்கும். அதன் பேட்டரிதான் போன வருஷமே உயிரை விட்டிருக்கும்.

அந்த நேரத்தில் வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லப்படும் வாக்கியம், பந்தலூர் என்றாலும் பரங்கிமலை என்றாலும் ஒன்றுதான். 'சிஸ்டம் ஆன் ஆகிட்டிருக்கு. ஒரு நிமிஷம்தானே, இருங்க!'

இந்த 'ஒரு நிமிஷம்தானே'வை எதிர்த்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான், ஆன் ஆக நேரமாகும், அதுதான் இயற்கை என்று நாம் எல்லோரும் நம்பிவிட்டோம். இது இயற்கை இல்லை. யாரோ எங்கோ எடுத்த முடிவு. இதற்கு என் தரப்பில் ஒரு விநோதமான சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறேன். சாட்சியின் பெயர், எமுலேட்டர்.

* * *

எமுலேட்டர் என்றால் என்ன? மிமிக்ரி கலைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் மேடையில் நின்று சிவாஜி மாதிரியும் பேசுவார், எம்.ஆர்.ராதா மாதிரியும் பேசுவார். கண்ணை மூடிக்கொண்டால் அவரே வந்த மாதிரி இருக்கும். எமுலேட்டர் என்பது, ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டே இன்னொரு கம்ப்யூட்டரைப்போல வேஷம் கட்டும் சாஃப்ட்வேர். பழைய மெஷினின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதற்குள் போட்டால், தான் நிஜமான பழைய மெஷினில்தான் இருக்கிறோம் என்று நம்பி அது பாட்டுக்கு எழுந்து வேலை செய்யும்.

இது ஏதோ கம்ப்யூட்டர் பையன்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்ததே வியாபாரத்துக்காக. 1964 ஏப்ரல் 7ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற புது வகைக் கம்ப்யூட்டர்களை அறிவித்தது. அதற்கு முன்னால் உலகம் முழுக்க விற்றிருந்த பழைய மெஷின் 1401. நம்ம ரயில்வேயில்கூட அது ஓடியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் கேட்ட முதல் கேள்வி: 'சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு எல்லாவற்றுக்கும் பழைய மெஷினில் புரோகிராம் எழுதி வைத்திருக்கிறோமே, அதெல்லாம் வீணா?' இல்லை என்றது ஐ.பி.எம். புது மெஷினே பழைய மெஷினைப்போல நடிக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. எமுலேட்டர் என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். பல புரோகிராம்கள் அசல் 1401இல் ஓடியதைவிட இந்த வேஷத்தில் வேகமாக ஓடின.

அதே 1964ஆம் வருஷம், அக்டோபர் மாதம், வேறொரு இடமாற்றம் கையெழுத்தானது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னால் 1976இல் டான்டீ நிறுவனமாயின. பந்தலூர், சேரம்பாடி பக்கம் இன்றைக்கும் கொழுந்து பறிக்கும் குடும்பங்களில் பல, அப்படி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பழைய புரோகிராமைப் புது மெஷினுக்கு மாற்றும்போது ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது என்று அங்கே கவலைப்பட்டார்கள். இந்த மனிதர்களின் நிமிஷங்களைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

* * *

சரி, சாட்சி என்ன சொல்கிறார்?

எமுலேட்டர் பிரியர்களிடையே ஒரு பந்தயம் உண்டு. உன் எமுலேட்டரில் பழைய விண்டோஸ் எத்தனை விநாடியில் எழுந்தது, என் எமுலேட்டரில் எத்தனை விநாடியில் எழுந்தது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து ஒப்பிடுவார்கள். கேட்டால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் இந்தப் பந்தயத்தில் செய்யப்படும் தில்லுமுல்லுகளைத் தெரிந்துகொண்டால், நாளைக்கு உங்களிடம் கம்ப்யூட்டர் விற்க வருகிறவர் செய்யும் தில்லுமுல்லும் தெரிந்துவிடும்.

தில்லுமுல்லு ஒன்று: எங்கே ஆரம்பிக்கிறோம்? எமுலேட்டருக்குள் விண்டோஸ் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்துவிட்டது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் எமுலேட்டரைச் சுமக்கிற கம்ப்யூட்டர் முதலில் எழ வேண்டாமா? அது எடுத்துக்கொண்ட நேரம் கணக்கில் வராது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு அஞ்சு நிமிஷம் என்று சொல்லும் ரியல் எஸ்டேட் விளம்பரம் மாதிரி.

தில்லுமுல்லு இரண்டு: உறைய வைத்த சாப்பாடு. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை அப்படியே படம் பிடித்தமாதிரி நிறுத்தி, பத்திரப்படுத்தி வைக்கலாம். மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை 'சீக்கிரம் எழுந்துவிட்டது' என்று சொல்வது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடு பண்ணிய இட்லியை இப்பத்தான் மாவு ஆட்டினேன் என்பதற்குச் சமம். இதை எமுலேட்டர்காரர்கள் மட்டும் செய்யவில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், நீங்கள் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் சிஸ்டத்தின் உட்பகுதியை டிஸ்க்கில் உறைய வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துச் சூடு பண்ணும் ஏற்பாடு வந்துவிட்டது. பட்டென்று கரண்ட் போனால் உறைய வைக்க நேரம் ஏது? பந்தலூர்க்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் ஒவ்வொரு முறையும் மாவு ஆட்டித்தான் ஆக வேண்டும்.

தில்லுமுல்லு மூன்று: எங்கே முடிக்கிறோம்? ஸ்க்ரீனில் படம் வந்தவுடன் ஸ்டாப்வாட்சை நிறுத்திவிடுவார்கள். இலை போட்டாகிவிட்டது என்பதற்காகச் சாப்பாடு வந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? படம் வந்த பிறகும் மௌஸை அழுத்தினால் பதில் இருக்காது. பின்னால் பத்து சாஃப்ட்வேர்கள் ஒரே நேரத்தில் வாசலில் முண்டியடித்துக்கொண்டிருக்கும்.

தில்லுமுல்லு நான்கு: இரண்டாவது ஓட்டம். முதல் முறை டிஸ்க்கிலிருந்து படித்ததைக் கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருக்கும். எமுலேட்டரை மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால் வேகமாகத்தான் வரும். அந்த இரண்டாவது நேரத்தை ஊருக்குச் சொல்வார்கள்.

இத்தனை தில்லுமுல்லையும் கழித்துவிட்டு நேர்மையாக அளந்தால் என்ன தெரிகிறது? அதற்கு முன், எமுலேட்டரின் கஷ்டத்தைப் பார்த்துவிடுவோம். பழைய மெஷின் பேசியது ஒரு பாஷை, புது மெஷினுக்குத் தெரிந்தது வேறு பாஷை என்றால், நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்பது எமுலேட்டர்தான். ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு மொழிபெயர்த்துச் சொன்னால் ஆமை வேகம். ஒரு தடவை மொழிபெயர்த்ததை எழுதி வைத்துக்கொண்டு மறுபடி வரும்போது அதையே படித்தால் கொஞ்சம் தேவலை. இரண்டு பேரும் ஒரே பாஷை என்றால் மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஒரே வீட்டில் தடுப்புச்சுவர் எழுப்பி இரண்டு குடித்தனம் வைத்தமாதிரி. இதற்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின். 1997இல் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் விண்டோஸை ஓட்ட 'விர்ச்சுவல் பி.சி.' என்ற சாஃப்ட்வேர் வந்தபோது மொழிபெயர்த்தே களைத்துப்போனது. 2006இல் மேக்கும் இன்டெல் சிப்புக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2020இல் ஆப்பிள் மறுபடி சிப்பை மாற்றியபோது, பழைய புரோகிராமை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு வந்தது.

ஆக, எமுலேட்டர் என்பது முதுகில் மூட்டையோடு ஓடும் ஆள். அப்படி ஓடியும், இன்றைய சாதாரண லேப்டாப்பில் விண்டோஸ் 95, தான் பிறந்த காலத்து நிஜ மெஷினில் எழுந்ததைவிடப் பல மடங்கு சீக்கிரம் எழுகிறது. (வேண்டுமென்றே பழைய வேகத்திலேயே ஓடும் எமுலேட்டர்களும் உண்டு, அந்த விளையாட்டு வேறு.) டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச எமுலேட்டர் 2002 முதல் இருக்கிறது. பழைய கேம்ஸ் ஆடுவதற்காக எழுதியது. அதை க்ளிக் செய்தால் நீங்கள் நாற்காலியைச் சரிசெய்வதற்குள் தயாராக நிற்கும். நம்பாவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2011இல் ஒரு வெப் பக்கத்துக்குள் முழு கம்ப்யூட்டரையே வேஷம் கட்ட வைத்தார். பிரவுசரைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனால் உள்ளே லினக்ஸ் சில விநாடிகளில் எழுந்து நிற்கும். ஒரு வெப் பக்கத்துக்குள் ஒரு முழு கம்ப்யூட்டர் பிறந்து, எழுந்து, கும்பிடு போடுகிறது. நாம் ஒரு சாதாரண விண்ணப்பப் படிவம் திறப்பதற்காகச் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

சாட்சி சொல்வது இதுதான். மெஷின் மந்தமில்லை. மெஷினின் தலையில் ஏற்றிய சுமைதான் அதை மந்தமாக்குகிறது.

* * *

சுமை எவ்வளவு என்பதற்கு இரண்டே எண்கள். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் தேவை என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன ராம் 4 எம்.பி. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. அதே நாலுதான், ஆனால் 1024 மடங்கு. வாசலைத் திறந்து 'வாங்க' என்று சொல்வதற்கு மட்டும் ஆயிரம் மடங்கு இடம் வேண்டுமா?

நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பித்தது. கொடுத்தது பி.பி.சி. மைக்ரோ. 32 கே.பி. ராம். ஸ்விட்சைப் போட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தயார். ஆபரேட்டிங் சிஸ்டம் சிப்பிலேயே பதிந்திருந்ததால் டிஸ்க்கிலிருந்து எடுத்து வர வேண்டிய வேலையே இல்லை. அதைச் செய்த ஏகார்ன் கம்பெனியில்தான் அடுத்ததாக ஆர்ம் என்ற சிப்பும் உருவானது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் மொபைல் போனுக்குள் இருப்பது அந்தச் சிப்பின் வம்சம்.

மெஷின் வேகமாகும் வேகத்தைவிட சாஃப்ட்வேர் மந்தமாகும் வேகம் அதிகம் என்று நிக்லாஸ் விர்த் என்ற சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் 1995இலேயே எச்சரித்தார். பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? புது சிப் வந்தவுடன், 'இடம் இருக்கிறதே, போடு உள்ளே' என்று சாமான்களை அடைத்தார்கள். கேட்காத அறிவிப்பு, கேட்காத விளம்பரம், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தலைமைக்குப் போட்டுக் கொடுக்கும் ஒற்றன் எல்லாம் ஆன் செய்தவுடனே கூடவே எழுந்திருக்கின்றன.

* * *

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்றுதான் கை போகும். பெறுபவர் கணக்கில் பற்று, கொடுப்பவர் கணக்கில் வரவு. முதல் வருஷப் பாடம்.

சாஃப்ட்வேரைச் சுருக்கி, இறுக்கி, வேகமாக எழுதுவதற்குப் பணம் செலவாகும். நல்ல ஆட்கள் வேண்டும், மாதங்கள் வேண்டும். கம்பெனி அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறது. அப்படியானால் செலவு காணாமல் போய்விட்டதா? கணக்கில் எதுவும் காணாமல் போகாது, இன்னொருத்தர் தலையில் போய் விழும். யார் தலையில்? வரிசையில் நிற்பவர் தலையில். அவர் கொடுப்பவர், ஆனால் அவர் பெயரில் வரவு எழுத எந்தக் கம்பெனியிலும் லெட்ஜர் கிடையாது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கற்பனை என்று அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மழைக்கால நாள் ஒன்று. கரண்ட் மூன்று முறை போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் எழுந்து, பிரவுசர் திறந்து, உள்ளே நுழைந்து வேலைக்குத் தயாராக நாலு நிமிஷம். ஆக 12 நிமிஷம். வரிசையில் 40 பேர். 12ஐ 40ஆல் பெருக்குங்கள். 480 நிமிஷம். அதாவது எட்டு மணி நேரம். ஒரு மனிதரின் ஒரு முழு நாள் உழைப்பு, ஒரே கவுன்ட்டரில், ஒரே நாளில், வட்டம் சுற்றுவதைப் பார்த்தே கரைந்துவிட்டது.

வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கொழுந்து பறிக்கும் அம்மா. மகளைக் கல்லூரியில் சேர்க்க வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வேண்டும். தோட்ட வேலை என்றால் செக்ரோலில் பேர் விழுந்தால்தான் கூலி. இன்றைக்கு வேலை முடியாமல் நாளைக்கும் வர வேண்டியதாகிவிட்டால் நாளைக்கும் கூலி போச்சு. பக்கத்தில் நிற்பவர் நிலப் பட்டாவுக்காக அலைகிறவராக இருக்கலாம். கூடலூர், பந்தலூர் ஜன்ம நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1969இல் வந்தது, அதன் சிக்கல் இன்னும் முழுசாகத் தீரவில்லை. காத்திருப்பதில் அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள ஜனங்கள். அவர்களிடம் போய் 'ஒரு நிமிஷம்தானே' என்கிறோம்!

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் ஒருவர் உண்டு. ஸ்டீவ் ஜாப்ஸ். 1983இல், மெகின்டாஷ் வெளிவருவதற்கு முன், அது எழ நேரமாகிறது என்று எஞ்சினியர் லாரி கென்யானிடம் போய் நின்றாராம். 50 லட்சம் பேர் இதைத் தினமும் ஆன் செய்தால், ஆளுக்குப் பத்து விநாடி மிச்சம் பிடித்தாலும் எத்தனை ஆயுள் மிச்சமாகும் தெரியுமா என்று கேட்டாராம். கூட வேலை பார்த்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு இதைப் பதிவு செய்திருக்கிறார். கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 5 கோடி விநாடி, வருஷத்துக்கு 1825 கோடி விநாடி. 578 வருஷங்களுக்கு மேல் வருகிறது. எழுபது வயது ஆயுள் என்றால் எட்டு மனிதர்கள். விளைவு? அடுத்த சில மாதங்களில் பத்து விநாடிக்கு மேலாகவே குறைத்துவிட்டார்கள். முடியாது என்பது பெரும்பாலும் பொய். யாரும் கேட்கவில்லை என்பதுதான் நிஜம்.

* * *

எதிர்த்தரப்பு வக்கீல்கள் எழுந்திருப்பது எனக்குத் தெரிகிறது.

முதல் வக்கீல்: 'சார், புதுசு வாங்கிட்டுப் போங்களேன்!' இவர் பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதியாக இருப்பார். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப் பல பழைய மெஷின்களில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு ஒரு தேதி குறித்து மரணச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. நான் கேட்பது, சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டிப் பார்த்தீர்களா? சமீப வருஷங்களில் ஒரு கம்ப்யூட்டர் எழும் நேரத்தை ஒரே அடியில் குறைத்தது அதுதான், புது மெஷின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தீர்களா? நம் சென்னை சி-டாக் நிறுவனமே 2007 முதல் பாஸ் லினக்ஸ் என்று ஒன்றை வெளியிட்டு வருகிறது. 'எங்க பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர் அதில் ஓடாதே' என்றால், அதற்குத்தான் நம் சாட்சி இருக்கிறார். 1993இல் ஆரம்பித்த வைன் என்ற சாஃப்ட்வேர் லினக்ஸிலேயே பல விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும். அதில் மடங்காததற்கு விர்ச்சுவல் மெஷின். எல்லாம் ஓடும் என்று சத்தியம் செய்யவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு தூக்கிப் போடுங்கள் என்கிறேன்.

இரண்டாவது வக்கீல்: 'அப்ப பழசே பொன்னு, விண்டோஸ் 95க்கே போயிடலாம்னு சொல்றீங்களா?' சத்தியமாக இல்லை. அந்தக் காலத்து விண்டோஸில் தமிழ் டைப் செய்ய நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு குறியீடு. பாமினியில் அடித்தது இன்னொரு கம்ப்யூட்டரில் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று குறியீடு அறிவித்தது. 2010இல்தான் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. விண்டோஸில் யூனிகோடு தமிழ் வந்ததே விண்டோஸ் 2000இல்தான். தமிழுக்கு ஆன இடத்தை நான் சுமை என்று சொல்ல மாட்டேன். வைரஸ் தடுப்புக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் ஆகும் நேரத்தையும் குறை சொல்ல மாட்டேன். 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு பாதுகாப்பு நின்றுபோன எக்ஸ்.பி.யை இன்டர்நெட்டில் திறந்து போடுவது, கதவில்லாத வீட்டில் நகையை வைப்பது. பழைய சாஃப்ட்வேர் தேவையென்றால் நெட் கனெக்‌ஷன் இல்லாத எமுலேட்டர் கூண்டுக்குள் வைத்து ஓட்டுங்கள். அதுதான் பத்திரம்.

மூன்றாவது வக்கீல்தான் ஆபத்தானவர். 'விடுங்க சார், ஒரு நிமிஷத்துல என்ன குடி முழுகிப்போச்சு?' இவர் ஒருபோதும் வரிசையில் நின்றிருக்க மாட்டார். இவருடைய கம்ப்யூட்டரை வேறு யாராவது காலையில் ஆன் செய்து வைத்திருப்பார்கள்.

* * *

வெறும் புலம்பலோடு முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று கோரிக்கைகள்.

ஒன்று. அரசுப் பணத்தில் கம்ப்யூட்டரோ சாஃப்ட்வேரோ வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு நிபந்தனை சேருங்கள்: ஸ்விட்ச் போட்டதிலிருந்து முதல் சான்றிதழ் பிரின்டரிலிருந்து கையில் விழும்வரை எத்தனை நிமிஷம்? இலை போட்ட நேரம் வேண்டாம், சோறு விழுந்த நேரம் வேண்டும். உறைய வைத்ததைச் சூடு பண்ணிக் காட்டக் கூடாது. இரண்டாவது ஓட்டம் செல்லாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகி அளக்க வேண்டும்.

இரண்டு. அந்தச் சோதனையைச் சென்னையில் ஏ.சி. அறையில், புத்தம்புது மெஷினில், ஃபைபர் கனெக்‌ஷனில் நடத்தக் கூடாது. ஜூலை மாதத்தில், காலை பத்து மணிக்கு, பந்தலூரில் நடத்துங்கள். இருப்பதிலேயே பழைய மெஷினில், கனெக்‌ஷன் விட்டு விட்டு வரும் நேரத்தில். பந்தலூரில் தேறினால் தமிழ்நாட்டில் எங்கும் தேறும். சென்னையில் தேறியது பந்தலூரில் தேறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மூன்று. பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன், அதன் டிஸ்க்கை முழுசாகப் பிரதி எடுத்து எமுலேட்டரில் எழுப்பிப் பாருங்கள். எத்தனை அலுவலகங்களில், பத்திரிகைகளில், பதிப்பகங்களில் இருபது, முப்பது வருஷத்துத் தமிழ் பழைய ஃபான்ட்டுகளிலும் பழைய சாஃப்ட்வேரிலும் மாட்டிக்கொண்டு கிடக்கிறது! 64 பிட் விண்டோஸில் அந்தக் கால டாஸ் புரோகிராம்கள் நேரடியாக ஓடாது. டாஸில், ஃபாக்ஸ்புரோவில் போட்ட சம்பளக் கணக்கும் பி.எஃப். கணக்கும் திறக்காவிட்டால், ஒரு தொழிலாளி தன் சர்வீஸை எதைக் காட்டி நிரூபிப்பார்? அங்கே எமுலேட்டர்தான் கடைசிச் சாட்சி.

இந்த மூன்றுக்கும் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அரசாங்கத்துக்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு ஸ்டாப்வாட்ச் வேண்டும், அதைக் கையில் பிடிக்க மனசுள்ள ஓர் அதிகாரி வேண்டும். இதுவரை ஸ்டாப்வாட்ச் பொழுதுபோக்குக்காரர்கள் கையில் மட்டும் இருந்தது. இனி உங்கள் கைக்கு வரட்டும். மொபைலில் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த முறை ஏதாவது கவுன்ட்டரில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் அழுத்துங்கள். வந்த நேரத்தை வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். விடையை ஒரு மனுவில் எழுதி மேலே அனுப்புங்கள்.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவரைத் திட்டாதீர்கள், பாவம். அவரும் அதே வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'ஒரு நிமிஷம்தானே' என்று அவர் சொன்னால், அவருக்கும் மேலே, அதற்கும் மேலே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

யாருடைய நிமிஷம்?